பூஜை சரக்கு பூஜை முடிந்து சேர்ந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பார்சல் லாரி சர்வீஸ், திருப்பூர்.

பொருள்: கொல்கத்தா பண்டல்கள் தாமதம் – நஷ்டஈடு கோருதல்.

ஐயா,

வணக்கம். குழந்தைகள் டி-ஷர்ட் தைத்து கொல்கத்தாவின் மொத்த வியாபாரச் சந்தையான படாபஜாருக்கு அனுப்பும் சிறிய யூனிட் எங்களுடையது. அங்கே பெரிய வியாபாரமே துர்கா பூஜைக்கு முன்னால்தான். பூஜைக்கு முந்தைய மகாளய அமாவாசைக்குள் கடையில் இறங்காத சரக்கு அப்புறம் போய்ப் பிரயோஜனமில்லை. புக்கிங்கின்போதே இதைச் சொன்னோம். உங்கள் கிளார்க் எல்.ஆர். (லாரி ரசீது) மேலேயே "8 நாள் டெலிவரி" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

கெடு தாண்டி போன் செய்தால், "வண்டி ஓடிக்கிட்டே இருக்கு சார்" என்ற ஒரே பதில். சந்தேகப்பட்டு இ-வே பில்லை (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு) திறந்து பார்த்தேன். வழியில் வண்டி மாற்றினால் அதில் வண்டி விவரம் உள்ள பகுதி பி-யில் புது நம்பர் ஏற்ற வேண்டும். திருப்பூரில் ஏற்றிய வண்டியின் நம்பரே இருந்தது. அந்த டிரைவரைப் பிடித்துக் கேட்டால், பண்டல்களை விஜயவாடா குடோனில் இறக்கிவிட்டு அவர் எப்போதோ ஊர் திரும்பிவிட்டாராம்! கொல்கத்தாவுக்கு லோடு சேரவில்லை என்று குடோனிலேயே போட்டு வைத்திருக்கிறீர்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கிடைத்த இ-வே பில் கெடுவும் அங்கேயே கரைந்தது.

மழை, மறியல், பிரேக்டவுன் எல்லாம் எங்களுக்கும் தெரியும். 15 நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் துணி கட்டிங்கை முன்கூட்டியே போட்டிருப்போம். உங்கள் பேச்சை நம்பித்தான் வியாபாரிக்கு நாங்கள் தேதி சொன்னோம். இப்போது அவர் பாதி சரக்கைத் திருப்பிவிட்டார், மீதிக்கு ரேட்டைக் குறைத்து, அந்தத் தொகையை எங்கள் பணத்தில் கழிக்க டெபிட் நோட் போட்டுவிட்டார். அது போகட்டும். இத்தனை வருஷமாக அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் போட்டவர், இனி சரக்கைப் பார்த்தபின்தான் பணம் என்கிறார். அதற்கு எந்த பில்லை வைத்து உங்களிடம் கேட்பது?

டெபிட் நோட் தொகை, திரும்பி வந்த சரக்கின் நஷ்டம், லாரி வாடகை மூன்றையும் தர வேண்டும். குடோனில் போட்டது யார் முடிவு, எங்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டிய நோட்டீஸாகவும் இதையே எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
யூனிட் உரிமையாளர்

இணைப்பு: எல்.ஆர்., இ-வே பில், டெபிட் நோட் நகல்கள்.