கரை மாறிக் கரை மாறி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது என்பதையும், சமதரையில் மிதிக்கத் தடையில்லை, ஏற்றம் மட்டும் இந்த ஆண்டு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதையும் படித்து மனம் நிறைந்தேன். இரண்டு ஆண்டுகளாக உங்கள் சைக்கிள் சுவரில் தொங்கியதற்கு நான் எவ்வளவு வருந்தினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாக நான்கு நாளில் போய்விடலாமா, வடகரை நல்லதா தென்கரை நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வழியை இரண்டு முறை முழுவதுமாக ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நான்கு நாளை ஆறு நாளாக்கிக்கொள்ளுங்கள், ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எந்த இடத்தில் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதில்தான் அந்தப் பயணத்தின் சுகம் முழுவதும் இருக்கிறது.

ஆற்றின் போக்கிலேயே போவதால் வழி நெடுக இறக்கமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதிர்பார்க்க வேண்டாம். பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், வியன்னாவின் ஆற்றங்கரை சுமார் 160 மீட்டரிலும் இருக்கின்றன. இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால், கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட வழி இறங்குவதில்லை. காலுக்கு அது தெரியவே தெரியாது. எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுவதற்குக் காற்றுதான் காரணம். பெரும்பாலான நாட்களில் அங்கே மேல்காற்று வீசும், அது முதுகைத் தாங்கும். ஆனால் காற்று மாறும் நாளும் உண்டு. என் இரண்டாவது பயணத்தில், மௌத்தவுசனைத் தாண்டி வடகரையில் மாக்லாண்ட் சமவெளிக்குள் நுழைந்த அன்று கீழ்க்காற்று பிடித்துக்கொண்டது. மலைகள் விலகி நிற்கும் வயல்வெளி அது. ஒதுங்குவதற்கு இடமே இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொட முடியாமல், கைப்பிடியில் குனிந்தபடியே பகல் முழுவதும் மிதித்துக் கிரைன் நகரம் வந்து சேர்ந்தபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆகவே காலையில் வரைபடத்தைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள்.

பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன், சரக்கு ஏற்றிய படகுகளை ஆற்றை எதிர்த்து மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் குதிரைகள்தான் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். அந்தக் குதிரைகளுக்காக நீர் விளிம்பை ஒட்டிப் போட்ட தடத்தை ட்ரெப்பல்வேக் என்பார்கள். நீங்கள் ஓட்டப்போகும் பாதையில் பெரும்பகுதி அதுவே. கரையில் இடைவிடாமல் வரும் கிலோமீட்டர் பலகைகளில் எண் கூடாமல் குறைந்துகொண்டே வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். இந்த ஆற்றின் தூரத்தைக் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி அளந்திருக்கிறார்கள். பாஸாவில் 2,200ஐத் தாண்டியிருக்கும் எண் வியன்னாவில் 1,930 அளவுக்கு வந்துவிடும்.

இனிக் கரைக் கணக்கு. பாஸாவில் இன், இல்ஸ் என்ற இரண்டு ஆறுகளும் டான்யூபோடு கலக்கின்றன; அங்கிருந்து தென்கரையில் புறப்பட்டு, யோகன்ஸ்டைன் மின்நிலைய அணை மீது வடகரைக்கு மாறிவிடுங்கள். அதற்கப்பால் வடகரையில் கார்ச் சத்தம் ஓய்ந்து, ஒரு பக்கம் காடும் மறுபக்கம் நீருமாகப் பாதை போகிறது. ஷ்லோகன் வளைவில் கடினமான கிரானைட் பாறையை நேராக அறுக்க முடியாத ஆறு, வந்த திசைக்கே திரும்பிப் போவதுபோல் முழுதாக வளைந்து செல்கிறது. ஆவ் என்ற சிற்றூரில் பாதையே நின்றுவிடும். ஓடத்தில் சைக்கிளை ஏற்றித்தான் மேற்கொண்டு போக வேண்டும். அந்த வளைவை மேலிருந்து பார்க்கும் இடத்துக்கு எதிர்க்கரையிலிருந்து காட்டு வழியாக நடந்தே ஏறலாம். உங்கள் முழங்கால் சம்மதித்தால் மட்டும் ஏறுங்கள்.

அங்கிருந்து லின்ஸ் வரை அணைகள் தேக்கிய நீர் ஏரிபோல் கிடக்கிறது, வேகமாகக் கடந்துவிடலாம். லின்ஸுக்குக் கிழக்கே மௌத்தவுசனை மட்டும் நிற்காமல் கடந்து போய்விடாதீர்கள். 1938 முதல் 1945 வரை அங்கிருந்த நாஜி வதைமுகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தார்கள். கைதிகள் முதுகில் கல் சுமந்து ஏறிய 186 படிகள் குவாரியில் இன்றும் இருக்கின்றன. நினைவிடம் குன்றின் மேல் இருப்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும். அழகான ஆற்றங்கரை என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள் அரை நாளாவது அங்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிரைனுக்குப் பிறகு பள்ளத்தாக்கு மறுபடி ஒடுங்குகிறது. படகோட்டிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த சுழல்கள் ஒரு காலத்தில் இங்கே இருந்தன. பாறைகளைத் தகர்த்து அவற்றை நீக்கினார்கள். நெடுஞ்சாலை வடகரையில் போவதால் இங்கே தென்கரைதான் அமைதி.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது வாக்காவ் பள்ளத்தாக்கு பற்றி. மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை 35 கிலோமீட்டர் அளவுதான். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி. பெயர் பெற்ற ஊர்கள் வடகரையில் வரிசையாக இருக்கின்றன: 1908இல் பழங்காலக் கற்சிலை கிடைத்த வில்லெண்டோர்ஃப், திராட்சை மேடுகளுக்கு அடியில் ஸ்பிட்ஸ், இங்கிலாந்து மன்னன் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு சிறையிருந்த டுர்ன்ஸ்டைன். அதனால் கூட்டமெல்லாம் வடகரைக்குப் போகிறது. நீங்கள் மெல்க்கில் தென்கரையைப் பிடியுங்கள். பாதை ஆக்ஸ்டைன் கோட்டைக் குன்றின் அடியில் நீரை ஒட்டி ஓடி, பிறகு ஆப்ரிகாட் தோப்புகளுக்குள் நுழைகிறது. நான் ஒரு மார்ச் கடைசியில் போனபோது, இலை ஒன்றுகூட விடாத கிளைகள் முழுக்க வெண்பூ. காற்று அடித்ததும் இதழ்கள் ஈரமான பாதையில் ஒட்டிக்கொண்டு, டயரோடு சுற்றி வந்தன.

ஆர்ன்ஸ்டோர்ஃபில் ஓடத்துறை இருக்கிறது. அந்த ஓடத்துக்கு எஞ்சின் கிடையாது. இரு கரைகளுக்கும் இடையே ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி வடம். அதிலிருந்து இறங்கும் கம்பிகளில் ஓடம் கட்டுண்டிருக்கிறது. ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார். உடனே நீரே அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது. வாக்காவில் அணை ஏதும் இல்லாமல் ஆறு தன் வேகத்தில் ஓடுவதால், நீர் பலகையில் மோதும் ஓசையும் மேலே கப்பி உருளும் ஓசையும் தவிர வேறெதுவும் கேட்காமல் அக்கரையில் ஸ்பிட்ஸ் சேர்ந்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் எதிர்க்கரைக்குப் போய், மறுபடி திரும்பியும் வந்தேன். கரையோர வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய அளவைக் கோடு போட்டு ஆண்டைக் குறித்திருப்பார்கள். 2002, 2013 என்ற கோடுகளின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான், காலடியில் அடங்கி ஓடும் ஆற்றின் பலம் புரிகிறது.

சைக்கிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாதை பெரும்பாலும் தார் போட்டது. 28 மில்லிமீட்டர் டயர் போதும். நீல நிற வட்டப் பலகை இருந்தால் சைக்கிள் பாதையில்தான் போக வேண்டும். சதுரப் பலகையானால் சாலையிலும் போகலாம். பயிற்சிக்காக ஓட்டும் பந்தய சைக்கிள்களுக்கு ஆஸ்திரியச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்றாலும், பைகளைக் கட்டிக்கொண்டு நிதானமாகப் போகும் நீங்கள் அதை நாட வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்த நெரிசலில் வேகம் ஆபத்து. பூக்காலத்தில் போவதென்றால் சில ஓடங்கள் ஓடத் தொடங்கியிருக்காது என்பதால் ஒவ்வொரு துறையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். முதல் நான்கு நாளும் நீங்கள் உங்கள் போக்கில் வாருங்கள். ஐந்தாம் நாள் காலை மெல்க் பாலத்தருகே நான் வந்து சேர்ந்துகொள்கிறேன். அங்கிருந்து தென்கரையில் சேர்ந்தே போகலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வழித்துணைவன்