கேள்வி கேட்கும் பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள்: சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், வாலிபர் ஊழியத்தை நடத்துகிறவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

சபையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதில் மெல்ல விலகிப்போவதை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உலக இச்சை, செல்போன், கெட்ட சகவாசம் என்று பிரசங்கத்தில் அதற்குக் காரணம் சொல்கிறீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். எனக்குத் தெரிகிற காரணம் வேறு. விலகிப்போன பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பு ஒரு கேள்வியோடு பெரியவர்களிடம் வந்திருக்கிறார்கள். "தர்க்கம் பண்ணாதே, விசுவாசி" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்.

அவர்கள் படிக்கும் இடத்திலும் வேலை செய்யும் இடத்திலும் யாரும் அவர்களை உபத்திரவப்படுத்துவதில்லை. கடவுள் இல்லை என்று சண்டைக்கு நிற்கிறவர்களும் அதிகம் இல்லை. கடவுள் தேவையே இல்லை என்பதைப் போல எல்லாரும் நிம்மதியாக வாழ்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நிம்மதிக்கு நடுவில், "நீ ஏன் இதையெல்லாம் நம்புகிறாய்?" என்று ஒரு நண்பன் சாதாரணமாகக் கேட்கிறான். "எங்கள் வீட்டில் எல்லாரும் கிறிஸ்தவர்கள்" என்பதற்கு மேல் நம் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"உங்களிலிருக்கும் நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதினார். வேதபண்டிதர்களுக்கு மட்டும் எழுதிய வசனம் அல்ல இது. அந்த நிருபத்தைப் படித்தவர்களில் வேலைக்காரர்களும் இருந்தார்கள், அவிசுவாசியான கணவனோடு குடும்பம் நடத்திய பெண்களும் இருந்தார்கள்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன ஒரு குற்றச்சாட்டைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிறிஸ்தவர்களில் சிலர் தாங்கள் நம்புவதற்குக் காரணம் சொல்லவும் விரும்புவதில்லை, கேட்கவும் விரும்புவதில்லை. "ஆராயாதே, விசுவாசி மட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்கிறார். நம்மை ஏளனம் செய்ய ஒரு பகைவர் எடுத்துக்காட்டிய வார்த்தையைத்தான் இன்று நாம் நம் பிள்ளைகளுக்குப் போதனையாகக் கொடுக்கிறோம்.

அவருக்குக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதில் எழுதினார், ஏறக்குறைய கி.பி. 248இல், எட்டுப் பாகங்களில். எளிதான இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்து அவர் ஜெயித்துக் காட்டவில்லை. கெல்சஸின் வாக்கியங்களை வரிசையாக எடுத்து எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தன் பதிலை வைத்தார். இயேசுவின் பிறப்பைக் கொச்சைப்படுத்தும் கதையைக்கூட அவர் மறைக்கவில்லை. கெல்சஸின் மூல நூல் பின்னர் அழிந்துபோனது. அவர் என்ன சொன்னார் என்று இன்று உலகத்துக்குத் தெரிகிறதென்றால், அது ஓரிகன் எடுத்து எழுதிய பகுதிகள் வழியாகத்தான். எதிராளியின் வாதத்தைப் பத்திரப்படுத்தி வைக்கும் அளவுக்கு அந்த விசுவாசத்துக்குத் தைரியம் இருந்தது. கிறிஸ்தவர்களிடத்திலும் ஆராய்ச்சி உண்டு, ஆனால் எல்லாருக்கும் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளவும் அவரால் முடிந்தது. சில ஆண்டுகளில் ரோமப் பேரரசன் தேசியுஸின் காலத்தில் அவரைச் சிறையில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள். அப்போதும் அவர் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. ஆராய்ந்தால் விசுவாசம் குளிர்ந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர்? நாலு சுவிசேஷமும் நாலு விதமாகச் சொல்கிறதே?" உண்மைதான். மத்தேயுவில் இரண்டு மரியாள்கள். மாற்குவில் சலோமேயும் சேர்ந்து மூவர். லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும் உண்டு. யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். இதை மூடி மறைக்காமல், நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னால், யோவான் 20:2இல் யாராவது ஒருவர் நின்றுவிடுவார். மரியாள் பேதுருவிடம் ஓடிப்போய்ச் சொல்கிறாள்: "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை." அவள் தனியாகப் போகவில்லை. எழுதியவர் அவளை மட்டும் முன்னால் நிறுத்திச் சொல்கிறார்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்பு குறைவு. அதை ஏற்கக்கூடாது என்றே 1ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். கெல்சஸும் வெறிபிடித்த ஒரு பெண்ணின் பேச்சு என்றுதான் இதைக் கேலி செய்தார். சீஷர்களுக்கே முதலில் அது வீண்பேச்சாகத் தோன்றியது என்கிறது லூக்கா 24:11. கதை கட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தேடிப்பிடித்து முதலில் நிறுத்துவார்களா? இது ஒன்றே உயிர்த்தெழுதலை நிரூபித்துவிடும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. இதையும் எடைபோடு என்கிறேன். கூடவே கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதையும் காட்டுகிறேன். சிலுவைக்குப் பின் கால் நூற்றாண்டு கழிவதற்குள் எழுதிய நிருபம் அது. ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் ஆண்டவரைக் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள் என்று சொல்வதைப் போன்றது அது. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசமும் விருதா" என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. விசாரணைக்கு அஞ்சுகிறவர் அப்படி எழுத மாட்டார்.

அறிவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் எழுதிய லெமைத்தர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். தெரியாத இயற்கை விஷயங்களை வேதத்தின் பேரால் உளறும் கிறிஸ்தவன், வேதத்தையே மற்றவர்கள் நம்பாதபடி செய்துவிடுகிறான் என்று சபைப் பிதா அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்துவிட்டார். பிரசங்கத்துக்கு முன் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சபையின் பாவங்களைக் கேட்கும்போது தயவுசெய்து மழுப்பாதீர்கள். 1633இல் கலீலியோவை விசாரித்துத் தண்டித்தது திருச்சபைதான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பிரசங்க பீடங்களில் அடிமைத்தனத்துக்கு வசனம் காட்டினார்கள். நிசாவின் ஆயர் கிரெகோரி 4ஆம் நூற்றாண்டிலேயே, தேவசாயலான மனிதனை விலைக்கு வாங்க யாரால் முடியும் என்று முழங்கியிருந்தும் அது நடந்தது. சபையின் பாவத்தையும் கிரெகோரியின் குரலையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதைச் சொல்லாதவரின் வாயிலிருந்து இரண்டாவது வந்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

விசுவாசத்தைக் காக்கிறோம் என்று அரசாங்கத்தின் கையை எதிர்பார்ப்பதும் வேண்டாம். கி.பி. 212 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கார்த்தேஜில் ஒரு ரோம ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், மதத்தைக் கட்டாயப்படுத்துவது மதத்தின் வேலை அல்ல என்றார். நாம் சிறுபான்மையாக உதைபட்டுக்கொண்டிருந்த காலத்தில் கேட்ட உரிமை அது. இன்று நம்பாத அயலானுக்கும் அது உண்டு. அவனைத் திட்டுவதும், அவன் கேள்வியால் மனம் புண்பட்டுவிட்டது என்று கொதிப்பதும் பேதுரு சொன்ன சாந்தத்தில் சேராது.

ஒரு கேள்விக்கு மட்டும் வாதத்தோடு போகாதீர்கள். "என் அம்மாவைக் கடவுள் ஏன் குணமாக்கவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அது விவாதத்துக்கு வைத்த கேள்வி அல்ல. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேர் போடாத சீட்டில் அவர்கள் கேள்வி எழுதட்டும். யார் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடாது, வீட்டுக்குச் சேதி போகக்கூடாது. பதில் தெரியாவிட்டால் "படித்துவிட்டு அடுத்த மாதம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். போதகர் வாயிலிருந்து அதைக் கேட்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலை. இந்த வேலையை இளையவர் யாரிடமாவது தள்ளிவிடாமல் முதல் கூட்டத்தில் நீங்களே உட்காருங்கள். என் வகுப்பிலிருந்து சீட்டுகளைத் திரட்டித் தருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை