விரிசலை மறைக்காதவர்களுக்கு நன்றி

உடைந்த பாண்டங்களையும் கோணிய ஜாடிகளையும் மட்டுமே வைத்து ஒரு கண்காட்சி நடத்த முன்வந்த அனைவருக்கும் வணக்கம். உங்களில் பலருடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அதனால்தான் இந்த நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

விளக்கு பொருத்தியவருக்கு முதல் நன்றி. உச்சியிலிருந்து வெளிச்சம் கொட்டாமல், தாழ்வாகப் பக்கவாட்டில் விழும்படி வைத்திருந்தீர்கள். சாம்பல் நிறக் கிண்ணம் ஒன்றின் அடிப்பகுதியில், ஈரமண்ணில் குயவரின் கட்டைவிரல் பதிந்த பள்ளம் அந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரிந்தது. தேய்த்துச் சமன் செய்ய அவருக்கு ஒரு நொடி போதும். செய்யாமல் விட்டாரே, அவருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய தங்கையே, நீ எதையும் விளக்குவதற்கு முன் "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள் என்றேன். சூளையிலிருந்து வந்து ஆறும்போது மேல்பூச்சு உள்ளிருக்கும் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கும், அந்த இழுவையில் பிளக்கும் என்றாய். சூளையை விட்டு வெளியே வந்த பிறகும் பாண்டம் 'டிங் டிங்' என்று ஒலித்துக்கொண்டிருக்குமாம். பூச்சுக்குக் கேடு என்று தள்ள வேண்டிய இதை, சீனத்தில் சோங் அரச மரபுக் காலத்துக் (960–1279) குயவர்கள் விரும்பியே வரவழைத்தார்கள் என்றாய். அதன்பிறகு எந்தக் கிண்ணத்தையும் என்னால் அவசரமாகக் கடக்க முடியவில்லை.

இத்தாலியச் சிற்பி மைக்கேலாஞ்சலோவின் கடைசிச் சிற்பமான ரொண்டானினி பியெத்தாவின் (இறந்த இயேசுவை மரியாள் தாங்கி நிற்கும் சிலை) படத்தைக் காட்டிப் பேசிய ஆசிரியருக்கும் நன்றி. 1564இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். இடையில் உருவத்தையே மாற்றிச் செதுக்கியதால், முன்பு செதுக்கிய உருவத்தின் கை ஒன்று, புதிய உடலோடு சேராமல் இன்னமும் தனியே நிற்கிறது. படத்தில் அதைப் பார்த்ததுமே எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒட்டும் வேலையைச் செய்து காட்டிய அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல! ஜப்பானியர்களின் கின்ட்சுகி முறையில் துண்டுகளைச் சேர்ப்பது தங்கம் என்றே பலரும் நினைக்கிறோம். பிடித்து நிறுத்துவது அரக்கு மரத்தின் பால், பொன்தூள் கடைசியில் மேலே தூவுவது என்று காட்டினீர்கள். அந்தப் பால் இறுக ஈரக்காற்று வேண்டும், பொறுமையும் வேண்டும். இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். இவ்வளவு பாடும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு! அதன் விளிம்பில் காணாமல் போன துண்டுக்குப் பதிலாக, வேறொரு பாண்டத்தின் நீலப் பூப்போட்ட சில்லைப் பொருத்தியிருந்தீர்கள். நிறமும் சேரவில்லை, பூவும் பாதியில் அறுந்திருக்கிறது. ஆனால் முழுசாக இருந்த எதுவும் அந்தக் கூடத்தில் என்னை அப்படி நிறுத்தி வைக்கவில்லை.

குறிப்புப் பலகைகளை எழுதியவருக்கு ஒரு வார்த்தை. "கைதவறி விழுந்தது" என்று நேராக எழுதியிருந்தீர்கள். எத்தனையோ காட்சிக்கூடங்களில் இது நடக்காது.

கடைசியாக, காவலுக்கு நின்ற பெரியவருக்கு. என் அம்மா நிற்க முடியாமல் தடுமாறியதைக் கேட்காமலே கவனித்து முக்காலி கொண்டுவந்து போட்டீர்கள். பிறகு, "இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கம்மா, அந்தச் சாய்ஞ்ச ஜாடி இங்கேருந்துதான் நல்லாத் தெரியும்" என்றீர்கள். சூளை வெக்கையில் ஒருபுறமாகச் சரிந்து, தோளில் சாம்பல் உருகி வழிந்த ஜாடி அது. நாள் முழுக்க அதனோடு நிற்பவர் சொன்ன இடம் சரியாகத்தான் இருந்தது. அம்மா அங்கிருந்து எழவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கண்காட்சி முடிவதற்குள் என் தோழிகளை அழைத்து வருகிறேன். பெரியவர் பணியில் இருக்கும் நாள் எது என்று மட்டும் வரவேற்பில் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
பார்வையாளர்களில் ஒருத்தி