கைக்குழந்தையோடு ஒரு பி.காம்.: சிலருக்கு என் நன்றி

பி.காம். முடித்துவிட்டேன். அரியர் ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் பட்டியலில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதனால் இந்த மடல்.

முதலில் எங்கள் துறைத்தலைவர் மேடம். பிரசவத்துக்குப் பிறகு என் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. "ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் சேர்ந்துக்கோ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படி விட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? மேடம்தான் 2021 டிசம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தார். இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுத் தளர்வு தருவதற்கு விதிகள் வகுக்கச் சொல்லும் கடிதம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் பேசி எனக்கு ஹால் டிக்கெட் வாங்கித் தந்தார். அந்தக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம், வியாசர்பாடி எதிர்வீட்டு அக்கா. தேர்வு காலை 10 முதல் 1 மணி வரை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் என்கூடவே வருவார். மகளிர் கட்டணமில்லாப் பேருந்து இருந்ததால் இருவருக்கும் பஸ் செலவு மிச்சம். ஹாலுக்குள் போகும்வரை பால் கொடுப்பேன். ஆனாலும் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு எங்கே டேலி ஆகும்? வெளியே மே மாத வெயில். வாட்ச்மேன் அண்ணன் தன் அறையைத் திறந்துவிட்டு, ஃபேனையும் குழந்தை பக்கம் திருப்பி வைத்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. தேர்வு முடிந்து ஓடி வந்தால், பால் கொடுக்க ஸ்டாஃப் ரூமில் துப்பட்டாவைக் கட்டி ஒரு மூலையை மறைத்து வைத்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பிய தோழிகளே, பாதிப் படங்களில் உங்கள் கட்டைவிரல்தான் தெரிந்தது. இருந்தாலும் பாஸாகிவிட்டேன்.

சத்துமாவு பாக்கெட்டை மறக்காமல் எடுத்து வைத்த அங்கன்வாடி டீச்சருக்கும் நன்றி. அரசுப் பள்ளியில் படித்ததால் மாதாமாதம் வந்த புதுமைப்பெண் திட்ட உதவித்தொகை 1,000 ரூபாய், பாதி ஜெராக்ஸுக்கும் பாதி டயப்பருக்கும் போனது.

என் மாமியார். "படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டவர் அவர்தான். தேர்வு சமயத்தில் ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவரும் அவர்தான். அந்தக் கேள்விக்குப் பதில், வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் அத்தை.

இரண்டாம் ஆண்டில் ஒரு தங்கை முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் நோட்ஸும் அந்தக் கடிதத்தின் நகலும் மேடத்திடம் இருக்கின்றன. போய் வாங்கிக்கொள்ளம்மா.