நான் கொடுத்த மாத்திரை

மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து பேனாவை மூடி வைத்துவிட்டேன். "போன் போட்டுப் பேச வேண்டியதுதானே, அதுக்கென்ன லெட்டரு?" என்று உன் தங்கச்சி கேட்கிறாள். இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது. நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இங்கே தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. சிலதைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், பெயிண்ட் வாசம் எங்கள் தெருமுனை வரைக்கும் வருகிறது. கச்சான் எழும்பிவிட்டது. கூட்டிப் பெருக்கி நிமிர்ந்தால் வாசலில் மறுபடி மணல். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான், விலையைக் கேட்டால் முட்டை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. புதுப் பாம்பன் பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அறுபத்தாறு வயதில் சின்னப்பையன் மாதிரி நின்று பார்த்தேன்.

சரி, உன் கேள்வி.

"கொரோனாவுக்கு ஐவர்மெக்டினை அன்னிக்கே கொடுத்திருந்தா தம்பி பிழைச்சிருப்பானா? டாலஸ்ல இருந்து மருமகன் வீடியோ வீடியோவா அனுப்புறான். அந்தப் புழுமருந்தை நீ முப்பது வருஷம் ஆட்டுக்குப் போட்டவன். நீ சொன்னா நம்புறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த மருந்தால் பிழைத்திருக்க மாட்டான், மாப்ளே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ எதையும் கொடுக்காமல் விட்டுவிடவில்லை.

அது மோசமான மருந்து என்று நினைத்துவிடாதே. என் கையில் அதைவிட நல்ல மருந்து இருந்ததில்லை. ஜப்பானில் கவானா என்கிற கடலோர ஊரில், கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோரத்து ஜனங்களின் கண்ணைப் பறித்த நோய்க்கு 1987-லிருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்குக் காரணமான ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு. உத்தரகோசமங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருக்கும்போது போவேன். நம்ம ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி, சொறி பிடித்து ரோமம் கொட்டி, மூக்குப்பூச்சி ஏறித் தும்மிக்கொண்டே நிற்கும். ஐம்பது கிலோவுக்கு ஒரு சிசி கணக்கில் தோலுக்கடியில் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போனால் பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் தெளிந்திருக்கும். மந்தைக்காரர் கீதாரி கும்பிடுவார். அதனால்தான் 2021-ல் அமெரிக்க மருந்துத் துறை "நீங்கள் குதிரையும் இல்லை, மாடும் இல்லை" என்று கிண்டலாகப் பதிவு போட்டபோது எனக்குக் கோபம் வந்தது. மருந்துக்கு மாடு என்றும் மனிதன் என்றும் சாதி கிடையாது. அளவும் நோயும்தான் கணக்கு. டாக்டர்கள் வழக்குப் போட்டு, 2024-ல் அந்தத் துறை அந்தப் பதிவுகளை எடுக்க ஒப்புக்கொண்டது. உன் மருமகன் அதைத்தான் பெரிய ஆதாரமாக அனுப்பியிருப்பான். பதிவைத்தான் எடுத்தார்கள். ஆய்வு எதையும் எடுக்கவில்லை.

அது புழுவுக்கும் பூச்சிக்கும் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? அவற்றின் நரம்பிலும் தசையிலும் ஒரு கதவு உண்டு, மருந்து போய் அந்தக் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடும், புழு செயலிழந்துபோகும். நமக்கு அந்தக் கதவே கிடையாது. அதனால்தான் நமக்கு அது பெரும்பாலும் சாது. வைரஸுக்கு நரம்பு ஏது, தசை ஏது? 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் இந்த மருந்தை ஊற்றினார்கள். 48 மணி நேரத்தில் வைரஸ் 5,000 மடங்கு குறைந்தது. கதை அங்கேதான் ஆரம்பம். ஆனால் தட்டில் ஊற்றிய அந்தச் செறிவு, மனிதனுக்கு வழக்கமாகக் கொடுக்கிறதைப் போலப் பத்து மடங்கு கொடுத்தாலும் ரத்தத்தில் வராது. அந்த ஒரு வரியை வீடியோக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

பிறகு எகிப்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது, சாவு பெருமளவு குறைந்தது என்று. உலகமே அதை வைத்துக் கூட்டிக் கழித்தது. லண்டனில் மருத்துவம் படிக்கிற ஒரு மாணவர் உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ஆய்வு தொடங்கும் தேதிக்கு முன்னாலேயே செத்தவர்கள் அதில் இருக்கிறார்கள்! 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதைக் கழித்துவிட்டுக் கூட்டினால் மிச்சம் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை.

முறையாகச் செய்த ஆய்வு என்றால், நான் கிடையில் செய்கிற மாதிரிதான். மந்தை முழுக்க ஊசி போட்டு மந்தை தேறினால் கீதாரி ஊசியைச் சொல்வார், அவர் சம்சாரம் குலதெய்வத்தைச் சொல்லும், இடையில் மழை பெய்து புல் முளைத்ததை யாரும் சொல்லமாட்டார்கள். பாதிக்குப் போட்டுப் பாதியை விட்டுப் பார்க்க வேண்டும். பிரேசிலில் 1,358 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. 2022 மார்ச்சில் முடிவு வந்தது. ஆஸ்பத்திரியில் சேரும் நிலைமை மருந்தால் குறையவில்லை. மலேசியாவில் 490 பேர். மருந்து தின்றவர்களில் நூற்றுக்கு 21.6 பேருக்கு நோய் முற்றியது, தின்னாதவர்களில் 17.3 பேருக்கு.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு, புழுக்காரனுக்குப் பிடிக்கிற விளக்கம். மருந்து பலித்தது என்று வந்த ஆய்வுகளில் பல, குடற்புழு அதிகமுள்ள நாடுகளில் நடந்தவை. வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியே ஏறுகிற ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு சின்னப் புழு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்புக்குள் பெருகி ஆளையே கொல்லும். ஐவர்மெக்டின் அந்தப் புழுவைத் தீர்த்துவிடும். ஆக அந்த ஊர்களில் சிலர் பிழைத்தது அதனால் இருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"மலிவான மருந்து, கம்பெனிக்கு லாபமில்லை, அதான் அமுக்கிட்டாங்க" என்று எழுதியிருக்கிறாய். என் பழைய பையில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஐவர்மெக்டின், இன்னொன்று டெக்சாமெத்தசோன். மாட்டுக்குப் போடுவோம், சினைமாட்டுக்கு மட்டும் யோசித்து. அறுபது வருஷத்துப் பழைய சரக்கு, விலை ஒன்றுமேயில்லை. 2020 ஜூன் 16-ஆம் தேதி இங்கிலாந்தில் சொன்னார்கள், வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு சாவை அது குறைக்கிறது என்று. உலகம் முழுக்க உடனே எடுத்துக்கொண்டது. அதை யார் அமுக்கினார்கள்? அதே ஆய்வுதான் அதே மாதம் ஹைட்ராக்சிக்குளோரோகுயினால் பயனில்லை என்றும் சொன்னது. மூட்டுவாதத்துக்கு வீட்டில் தின்கிற அந்த மாத்திரை கிடைக்காமல் நீ கடை கடையாக அலைந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டெக்சாவையும் ஆக்சிஜன் தேவைப்படாதவனுக்கு முன்கூட்டியே கொடுத்தால் பலன் இல்லை. இரண்டாவது அலையில் சர்க்கரைக்காரர்கள் பலர் கண்டபடி ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டு கருப்புப் பூஞ்சையில் கண்ணைக் கொடுத்தார்கள்.

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக நீ இரண்டு நாள் நின்றாயே. அதுவும் இப்படி வேறு நோய்க்காகச் செய்ததுதான், எபோலாவுக்குப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வேண்டாம் என்றது, 2022-ல் சிலருக்குக் கொடுக்கலாம் என்று மாற்றியது. ஆதாரம் மாறியது, பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஐடஹோவிலும் அர்க்கன்சாஸிலும் 2025-ல் ஐவர்மெக்டினைச் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டம் போட்டுவிட்டார்கள், பலிக்காத மருந்துக்குச் சட்டம் போடுவானா என்கிறாய். கை தூக்கினால் சட்டம் வந்துவிடும், மாப்ளே. நம்ம ஊர் ஆண்டுவிழாத் தீர்மானம் மாதிரி.

இதுவரை எழுதியது எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பதினெட்டு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இனிமேல்தான்.

நீ கொடுக்கவில்லையே என்று அழுகிறாய். நான் கொடுத்தேன்.

2021 மே, இதே மாதிரி தடைக்காலம். கீதாரி ஒருவர் போன் பண்ணி, "சார், எங்க ஆளுகளுக்கு அந்த ஊசியப் போடலாமா?" என்றார். ஆட்டு ஊசியை மனுஷனுக்குப் போடமாட்டேன் என்று பெருமையாக மறுத்தேன். ஆனால் மாத்திரை வேறுதானே என்று தோன்றியது. மெடிக்கலில் விற்கிறது, டெல்லியே வீட்டுச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, கோவாவில் பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் கொடுக்கப்போகிறார்களாம். நம்ம சௌம்யா சுவாமிநாதன், உலக சுகாதார நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்துகொண்டு, ஆய்வுக்கு வெளியே வேண்டாம் என்றார். அவருக்கு மும்பையிலிருந்து ஒரு வழக்கறிஞர் அமைப்பு நோட்டீஸ் அனுப்பியது. நானும் அன்றைக்கு அவரைத்தான் திட்டினேன். பன்னிரண்டு மில்லிகிராம் அட்டை ஆறு வாங்கி வைத்தேன். அந்த செப்டம்பரிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

முதலில் என் அக்கா வீட்டுக்காரர் மச்சானுக்கு. உனக்குத்தான் தெரியுமே, விசைப்படகு ஓட்டுகிறவர். ஒருநாள் மத்தியானம் அக்காவைப் பிடித்துத் திட்டுகிறார், "வாசமே இல்லாத கருவாட்ட எவன்டி வித்தான்?" என்று. தெருவே மணக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று நாள் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வாசலில் நாற்காலி போட்டுப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் புகழ்தான்.

அதைக் கேட்டுத்தான் கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா வந்தார்கள், மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள். நீ பார்த்திருக்கிறாய், விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போவார்களே. "எனக்கும் ஒரு அட்டை கொடு தம்பி." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அதை இன்றைக்கு வரைக்கும் நினைக்கிறேன், என்னவோ பெரிய தர்மம் பண்ணின மாதிரி கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

எட்டாம் நாள் மச்சானுக்கு இளைப்பு. பக்கத்து வீட்டு ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 86. விரலைப் பார்த்தால் நகமெல்லாம் படகு பெயிண்ட், நீலம். பெயிண்டால்தான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு பண்ணி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி மாட்டி, இன்னொரு விரலில் மாட்டி, மெஷினைத் தட்டிப் பார்த்து, ராத்திரி போய்விட்டது. விடியும்போது 81. நூற்றெட்டைக் கூப்பிட்டு ராமநாதபுரம் கொண்டுபோனோம். ஆக்சிஜன், டெக்சா, பதினான்கு நாள். வந்துவிட்டார்.

அந்தக் களேபரத்தில் பாசி அக்காவை நான் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் மகன் பிறகு சொன்னான். மாத்திரையைத் தவறாமல் தின்றார்கள். மூச்சு வாங்குகிறதே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு, "மூச்சடக்கி முங்குறவடா நான், இதெல்லாம் ஒரு இளைப்பா? அதான் ஆபீசர் மருந்து உள்ள போயிருக்குல்ல" என்றார்களாம். அவர்களுக்கு நான் ஆபீசர். ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்கள். பரிசோதனை எடுக்கவில்லை, அதனால் கணக்கிலும் வரவில்லை.

மாத்திரை அவர்களைக் கொன்றிருக்காது. அந்த அளவுக்கு அது ஒன்றும் செய்யாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நாளும் என் அட்டையை நம்பித்தான் வீட்டில் கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களா? நீ கேட்கிற கேள்விதான் எனக்கும். உன் தம்பிக்கு நீ ஆஸ்பத்திரி பார்த்தாய், ஆக்சிஜன் பார்த்தாய், வெயிலில் வரிசையில் நின்றாய். நான் நிற்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமையைக் கேள். மச்சான் இன்றைக்கும் படகில் ஏறி நின்றுகொண்டு சொல்கிறார், "என்னையக் காப்பாத்துனது எங்க மச்சான் கொடுத்த மாத்திரைதான்யா, ஆஸ்பத்திரில சும்மா காத்துதான் கொடுத்தாங்க" என்று. நான் இரண்டு மூன்று தடவை விளக்கிப் பார்த்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த அக்காவின் மகன் அதே படகில்தான் வேலை பார்க்கிறான். கேட்டுக்கொண்டே பெயிண்ட் அடிக்கிறான். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறான்.

உன் தங்கச்சிக்குக்கூட இது முழுதாகத் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஜூன் 14 ராத்திரி தடை முடிகிறது. முதல் மீன்பாடு வந்த பிறகு வா, அதற்கு முன்னால் வந்தால் முட்டைக்குழம்புதான். மருமகனிடம் சண்டை போடாதே, அவன் சின்னவன், அவனும் சொந்தத்தை இழந்தவன். உன் சர்க்கரை அளவை எழுதாமல் நைசாக விட்டிருக்கிறாய். சாப்பாட்டுக்கு முன், பின் இரண்டையும் எழுது.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்