ராஜினாமா கடிதத்தை இப்போது அனுப்பாதே

கர்த்தருக்குள் அன்பான ஜெயசீலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்து இன்னும் சரியாகத் தெரியாததால் தினமும் வேதத்தை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். எண்ணாகமத்தில் வேவுகாரர் கதைக்கு வந்திருந்த சமயத்தில்தான் உன் கடிதமும் வந்தது.

சரி, உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. மேலாளர் உன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை, மாடிப்படியில் எதிரே வந்தவர் முகம் கொடுக்காமல் போய்விட்டார். இதெல்லாம் நீ பார்த்தது, கேட்டது. "என்னை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், அவர்கள் துரத்தும் முன் நானே போய்விடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை யார் உன்னிடம் சொன்னது? இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். பார்த்தது எங்கே முடிகிறது, பயம் எங்கே தொடங்குகிறது என்று இரண்டாம் தடவை படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த வேவுகாரரை நினைத்துப் பார். மோசே கானான் தேசத்தை வேவு பார்க்க அனுப்பிய பன்னிரண்டு பேரும் அதே தேசத்தை 40 நாள் சுற்றினார்கள். அதே மதில்கள், அதே ஏனாக்கின் புத்திரரான இராட்சதர். ஒரே திராட்சக்குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வரும் அளவுக்கு வளமான நிலம் என்பதையும் எல்லாருமே பார்த்தார்கள். பத்துப் பேர் சொன்ன செய்தியில் பாதி உண்மைதான். ஆனால் முடிக்கும்போது என்ன சொன்னார்கள்? "நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்." முதல் பாதி அவர்கள் மனசு, அதை அவர்கள் சொல்லலாம். இரண்டாவது பாதி அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரிடமாவது கேட்டார்களா?

பதில் யோசுவா புத்தகத்தில் இருக்கிறது. கானானியரின் எரிகோ பட்டணத்தில் வாழ்ந்த ராகாப், பின்னாளில் அங்கே வந்த இஸ்ரவேல் வேவுகாரரிடம் சொல்கிறாள், உங்களைக் குறித்துக் கேள்விப்பட்டதும் எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்று. செங்கடல் வற்றிய செய்தியே அந்த ஊரை அவ்வளவு காலம் நடுங்க வைத்திருந்தது! இவர்களோ தங்களை வெட்டுக்கிளி என்று எண்ணி வனாந்தரத்தில் 40 வருஷம் அலைந்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

பத்துப் பேரின் செய்தியைக் கேட்ட அந்த ராத்திரி ஜனங்கள் அழுதுவிட்டு, ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்றார்கள் பார், அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. செங்கல் அறுத்த இடம், பிள்ளைகளை நதியில் போட்ட இடம். பயம் வந்ததும் அது பாதுகாப்பான இடமாகத் தெரிந்துவிட்டது. நீயும் உன் பழைய முதலாளியிடமே திரும்பிப் போகலாமா என்று எழுதியிருக்கிறாய். அங்கே நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், ஜெயசீலா. உனக்கு மறந்துவிட்டதா?

பயப்படுகிறவனுக்கு விசுவாசமில்லை என்று சபையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே பயத்தை வெளியே சொல்ல முடியாமல் ஆக்கிவிட்டோம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த நேரத்தில் அவர் ஓடவில்லை, ஜெபித்தார். கூட இருந்தவர்களை விழித்திருக்கும்படி கேட்டார். கடைசியில் சிநேகிதர் தூங்கிவிட்டார்கள் என்றாலும், கேட்டாரே!

எலியா தீர்க்கதரிசியையும் பார். ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கர்த்தர் உடனே அவரைத் திருத்தவில்லை. முதலில் தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அந்நிய தெய்வமான பாகாலுக்கு முடங்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று சொன்னது அப்புறம், ஓரேப் மலையில், "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா முறையிட்டபோது. களைத்துக் கிடக்கிறவனிடம் எண்ணிக்கையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவருக்குத் தெரியாதா?

நீ சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. ஆகையால் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அந்த ராஜினாமா கடிதத்தை இந்த வாரம் அனுப்பாதே. முதலில் வீட்டில் சொல். உன் மனைவியிடம் இதை மறைத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் உன்னைவிட நிதானமாக யோசிப்பவள். பிறகு மேலாளரிடம் நேரம் கேட்டு, "என் வேலை என்ன நிலையில் இருக்கிறது?" என்று நேராகவே கேள். வேலை போகிறது என்றே அவர் சொல்லலாம். அந்தப் பன்னிரண்டு பேரில் பயப்படாமல் போவோம் என்ற காலேபும் மதில் இல்லை என்று சொல்லவில்லையே. அப்படி ஆனால் அதற்கு என்ன செய்வது என்று நாம் இருவரும் உட்கார்ந்து யோசிப்போம்.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்ற வசனத்தைச் சொல்லித்தான் உனக்காக ஜெபிக்கிறோம். மேலாளர் என்ன சொன்னார் என்று எழுது. எழுதப் பொறுமையில்லை என்றால் இரவு எந்நேரமானாலும் போன் செய், நான் எடுப்பேன்.

அன்புடன்,
உன் எட்வின்