கருவாட்டில் எழுதிய கடிதம்

ஓடென்ஸ, டென்மார்க்
தை 18

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வாட்ஸப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதை நீ இன்னும் நீலப் பேனாவால் நாலு பக்கம் எழுதித் தபாலில் போடுகிறாய், நானும் பதில் எழுதுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். எண்ணெயோடு நிற்காதே, டொக்டரிடம் போய்க் காட்டு. கிணற்றடி முருங்கை காற்றுக்கு முறிந்ததற்கு ஏன் இவ்வளவு கவலை? முருங்கைதானே, ஒரு கம்பை வெட்டி நட்டுவிடு.

இங்கே நல்ல குளிர். பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. போன சனிக்கிழமை மைனஸ் ஆறு. அன்றைக்குப் பேத்தியோடு சேர்ந்து நான் ஒரு கூத்து அடித்தேன், அதை முதலில் சொல்கிறேன்.

இரவில் படுக்குமுன் அவளுக்கு ஆண்டர்சனின் ‘பனி ராணி’ கதையை டெனிஷ் மொழியிலேயே வாசித்துக் காட்டிக்கொண்டு வருகிறேன். ஆண்டர்சன் பிறந்த ஊரிலேயே முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, அந்தக் கதையை நான் முழுதாகப் படித்தது இந்தக் குளிர்காலத்தில்தான். வெட்கம்தான். கதையில் எதிரெதிர் வீட்டுக் கூரை அறைகளில் இரண்டு ஏழைப் பிள்ளைகள். பெட்டை கெர்டா, பெடியன் கய். (அவன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ‘கை’ என்றால் கை, ‘காய்’ என்றால் மரக்கறி.) குளிர்காலத்தில் யன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி படர்ந்துவிடும். அப்போது அவர்கள் ஒரு செப்புக் காசை அடுப்பில் சுடவைத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். காசளவுக்குப் பனி உருகி வட்டமாக ஓர் ஓட்டை வரும். இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்.

“அம்மம்மா, நாங்களும் செய்வோம்” என்றாள். எங்கே செய்வது? இப்போதைய வீடுகளில் யன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி, உள்ளே பனி பூக்கவே பூக்காது. மருமகனின் கார்தான் கதி. காசிலும் ஒரு சிக்கல்: இங்கே ஒன்று, இரண்டு, ஐந்து குரோனர் காசுகளுக்கு நடுவில் ஓட்டை இருக்கும். இருபது குரோனர் காசு ஒன்றைத் தேடி எடுத்து, இடுக்கியால் பிடித்துச் சூடாக்கிக் கொண்டுபோய்க் கார் யன்னலில் வைத்தேன். அவள் உள்ளே ஏறி இருந்துகொண்டாள். பனி சீறிக்கொண்டு உருகியது. வடிவான வட்டம். அதற்குள் அவளுடைய ஒரு கண், இமைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்கிடையில் மருமகன் சேர்ட்டோடு வெளியே ஓடிவந்து “மாமி, கண்ணாடி வெடிக்கும்!” என்று கத்தினார். வெடிக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை குறைவுதான்.

பேத்திக்குக் கதையில் ஒரு பெரிய ஏமாற்றம், எல்சா இல்லை. 2013இல் டிஸ்னி எடுத்த ‘ஃப்ரோசன்’ படம் இந்தக் கதையிலிருந்துதான் முளைத்தது. அதில் பனி ராணியை எல்சா என்ற அக்காவாக்கிவிட்டார்கள். அக்கா தங்கை பாசம் என்றால் எவருக்கும் உடனே விளங்கும். மூலக்கதையில் இரத்த உறவு ஒன்றும் கிடையாது. கய்யும் கெர்டாவும் அண்ணன் தங்கை இல்லை, ஆனால் அண்ணன் தங்கை போலவே ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருந்தார்கள் என்று ஆண்டர்சன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். டெனிஷில் காதலுக்கு என்று ஒரு சொல் உண்டு. அதை அவர் அந்த இடத்தில் போடவில்லை.

சரி, உனக்குக் கதை தெரியாதே. ஒரு பேய் செய்த கண்ணாடி. நல்லதைச் சுருக்கிக் காட்டும், கெட்டதைப் பெருப்பித்துக் காட்டும். அது உடைந்து உலகமெல்லாம் சிதறி, ஒரு சில்லு கய்யின் கண்ணில் விழுகிறது, இன்னொன்று நெஞ்சில். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் கோணலாகத் தெரிகிறது. பனி ராணி அவனைத் தன் சறுக்குவண்டியில் வடக்கே கொண்டுபோய்விடுகிறாள். கெர்டா தேடிப் போகிறாள், வெறுங்காலோடு. 1844 மார்கழியில் வந்த கதை, ஏழு பாகம்.

இங்கே நூலகத்தில் மாதம் ஒருமுறை ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. நான் போவது கோப்பிக்கும் கதைக்கும் சமமாகத்தான். இந்த மாதம் இந்தக் கதைதான். சின்னப் பிள்ளைக் கதைக்கு இவ்வளவு சண்டை வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஓய்வுபெற்ற கணித வாத்தியார் ஒருவர் வருகிறார். அவருக்கு வந்த கோபம்! “நாற்பது வருடம் பின்னம் படிப்பித்திருக்கிறேன், இந்த மனுசன் பின்னத்தைப் பேயின் வேலையாக்கிவிட்டாரே” என்றார். அவர் சொல்வதில் பிழை இல்லை. பனி ராணியின் வண்டியில் பயம் பிடித்த கய் செபம் சொல்லப் பார்க்கிறான், வாய்ப்பாடு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ராணியிடம் தனக்குப் பின்னத்தில் மனக்கணக்கு வரும் என்று பீற்றிக்கொள்கிறான். அவள் அரண்மனை நடுவில் உறைந்துகிடக்கும் ஏரிக்கு அறிவின் கண்ணாடி என்று பெயர். பூதக்கண்ணாடியால் பனித்துகளைப் பார்த்துவிட்டு, உண்மையான பூவைவிட இதுதான் திறம், ஒரு குறையும் இல்லை, உருகாமல் இருந்தால் சரி என்கிறான். வாத்தியார் இதெல்லாவற்றையும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு வேறு மாதிரித்தான் படுகிறது. ஆண்டர்சன் புதுமையைக் கண்டு முகம் சுளித்தவர் இல்லை. 1842இல் வந்த பயண நூலில் ரயிலில் போனதைப் பற்றிச் சின்னப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார். கய்யின் வியாதி கணக்கில் தொடங்கவும் இல்லை. அதற்கு முன்பே அவன் செய்வது, அம்மம்மா கதை சொல்லும்போது பின்னால் நின்று அவர் மாதிரியே கண்ணாடி போட்டுப் பேசிக் காட்டுவது. பிறகு தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரின் நடையையும் நடித்துக் காட்டுகிறான். ஊர் என்ன சொல்கிறது? “பெடியனுக்கு நல்ல மூளை” என்று மெச்சுகிறது. எனக்குக் கதையிலேயே பயமான இடம் அதுதான்.

தாதியாக வேலை செய்யும் பெண் ஒருத்தி, இது மனச்சோர்வு, வேறொன்றுமில்லை என்றாள். கடைசியில் கய் குளிரில் நீலம் பாரித்து, கிட்டத்தட்டக் கறுத்துப் போய் இருக்கிறான், ஆனால் அவனுக்குக் குளிரவில்லை. ராணி முத்தமிட்டே நடுக்கத்தை எடுத்துவிட்டாள். “என் வார்டில் இப்படித்தான் இருப்பார்கள், நோகிறதா என்றால் இல்லை என்பார்கள்” என்றாள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

உக்ரேனிலிருந்து வந்த ஒரு அம்மாவும் இருக்கிறார். சோவியத் காலத்துப் புத்தகத்தில் இந்தக் கதையைப் படித்தவர். பனிப்படை எதிரே வரும்போது கெர்டா செபம் சொல்கிறாள், வாயிலிருந்து வரும் ஆவி தேவதூதர்களாகி நிற்கிறது என்ற இடத்தை டெனிஷில் வாசித்துவிட்டு அவர் திகைத்துப் போனார். அவருடைய புத்தகத்தில் அது கிடையவே கிடையாது, அங்கே கெர்டா துணிச்சலாக நடந்தே போய்விடுவாள். சிறுவயதில் பாடசாலையிலேயே கீர்த்தனை பாடி வளர்ந்த ஒரு டெனிஷ் கிழவிக்கு இது தாங்கவில்லை. “செபம் இல்லாவிட்டால் பிறகு எப்படி உள்ளே போனாள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “நடந்துதான்” என்றார் மற்றவர். இரண்டு பேரும் இப்போது சிநேகிதம், ஒரே பஸ்ஸில் போகிறார்கள்.

ஒரு இளம் தாய்க்குக் கெர்டாவைப் பிடிக்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் அழுகிறாள், இந்தக் காலத்துப் பெண்பிள்ளைக்கு இதையா வாசித்துக் காட்டுவது என்றாள். எனக்கு அது முதலில் சரியாகத்தான் பட்டது. பிறகு, வழியில் அவளுக்கு உதவி செய்யும் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். உனக்குப் பிடிக்கும் என்று ஒரு ஆளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்: லாப்லாந்துக் கிழவி. கெர்டாவையும் அவளைச் சுமந்து வந்த கலைமானையும் அடுத்த பெண்ணிடம் அனுப்பவேண்டும், கடிதம் எழுதக் கடுதாசி இல்லை. என்ன செய்கிறாள் தெரியுமா? காய்ந்த மீனில் எழுதிக் கொடுக்கிறாள். கருவாட்டில்! ஃபின்மார்க்கில் இருக்கும் அந்த மற்றப் பெண் அதை மூன்று தரம் வாசித்து மனப்பாடம் செய்துவிட்டு, கருவாட்டைக் கொதிக்கிற சட்டிக்குள் போட்டுவிடுகிறாள். நல்ல சாமான், வீணாக்குவானேன். எங்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் கண்முன்னே வந்து நின்றார்கள்.

கெர்டாவுக்குப் பன்னிரண்டு ஆட்களின் பலத்தைக் கொடு என்று கலைமான் கேட்க, அவளிடம் இருப்பதைவிடப் பெரிய பலம் என்னிடம் இல்லை, வெறுங்காலோடு எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் பார் என்கிறாள் அந்தப் பெண். இளம் தாயிடம் இதை வாசித்துக் காட்டினேன். “அப்படியென்றால் ஒரு சப்பாத்தாவது கொடுத்திருக்கலாமே” என்றாள். அதுவும் நியாயம்தான்.

பிறகு வட்டத்தை நடத்தும் பெண், இந்தக் கதையில் நீங்கள் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். கெர்டா, கெர்டா, கொள்ளைக்காரப் பெட்டை, காகம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கொள்ளைக்காரப் பெட்டையைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. கையில் கத்தியோடு படுக்கிறவள். கெர்டாவுக்குத் தன் கலைமானையே கொடுத்து அனுப்புவாள், ஆனால் கெர்டா இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறையை மட்டும் “இது வடிவாக இருக்கிறது” என்று தானே வைத்துக்கொண்டு, தன் தாயின் பெரிய கையுறைகளை மாட்டிவிடுவாள். அதை வாசித்தபோது உன்னை நினைத்துத் தனியே சிரித்தேன். நான் வெளிக்கிட்ட அன்று உன் ஒரே பயணப்பையை எனக்குத் தந்தாய், என் புதுக் குடையை எடுத்து வைத்துக்கொண்டாய். அந்தக் குடை இன்னும் என் மனதில் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

என் முறை வந்தபோது நான் ‘கய்’ என்றேன். ஏன் என்று கேட்டார்கள். டெனிஷில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை, உனக்கு எழுதுகிறேன். 1988இலிருந்து 1992 வரை நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நேரமில்லை என்றுதான் பிறகு சொன்னேன், நீயும் ஓம் என்றாய். நேரம் இருந்தது. காலையில் துப்பரவு வேலை, பின்னேரம் மொழி வகுப்பு, இடையில் மூன்று மணித்தியாலம் சும்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தால் அதில் எழுத்துப் பிழை பார்ப்பேன். யாருக்குக் கலியாணம், எந்தத் தெருவில் ஷெல் விழுந்தது என்று நீ எழுதுவதை, இதே கதைதானா இவளுக்கு என்று மடித்து வைப்பேன். எனக்கு ஒன்றும் நோகவில்லை. அந்தத் தாதி சொன்னது சரி.

பதினொரு கடிதம், எல்லாம் இன்னும் இருக்கிறது. “நீ பதில் போடாட்டிலும் நான் எழுதுவன், என்னட்டக் கடுதாசி மிச்சம் கிடக்கு” என்று ஒன்றில் எழுதியிருந்தாய். பதினோராவதில்தான் அந்த வரி: “உன்ர அம்மா நல்ல சுகம். உன்னட்ட இருந்து எனக்குக் கடிதம் வந்ததோ எண்டு கேட்டவ. வந்தது, சந்தோசமா இருக்கிறாய் எண்டு பொய் சொல்லிப்போட்டன்.” குசினியில் நின்று வாசித்தேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து மணக்கும் வரைக்கும் நின்றேன். அன்றிரவே உனக்கு எழுதினேன்.

கதை முடிவில், ஊருக்குத் திரும்பிவரும் இரண்டு பேரையும் கொள்ளைக்காரப் பெட்டை வழியில் காண்கிறாள். கய்யைப் பார்த்து, “உனக்காக ஒருத்தி உலகத்தின் எல்லை வரைக்கும் ஓடினாளே, அதற்கு நீ தகுதியா என்று எனக்கு அறியவேண்டும்” என்கிறாள். அவன் வாயே திறப்பதில்லை. கெர்டா அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, வழியில் தனக்கு உதவிய இளவரசனும் இளவரசியும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஆகவே நானும் மாற்றுகிறேன். பங்குனியில் உன் பெறாமகன் இங்கே வருகிறார் என்று எழுதியிருந்தாயே. பாரம் இல்லாவிட்டால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடு, பாரைக் கருவாடு கிடைத்தால் நல்லது. மூன்று நாலு பையில் போட்டு இறுக்கிக் கட்டு, போனமுறை முழு மாடியும் மணந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கட்டுக்குள் உன் கையால் இரண்டு வரி எழுதி வை. வாசித்துவிட்டுக் கருவாட்டைச் சட்டிக்குள் போடுகிறேன். குடையையும் கொடுத்துவிடலாம்.

உன்,
கய்